ஒரு சிரட்டைக் கரி

எங்கள் தோட்டத்தில் யார் அழகு, யார் அழகில்லை என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்தால் போதும். மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் வீடு. அதற்கும் கீழே பெரிய கங்காணி வீடு. அப்புறம் சரிவில் வரிசை வரிசையாக எங்கள் லயங்கள். அழகும் அதே வழியில்தான் மேலேயிருந்து இறங்கி வந்தது. லயத்துக்கு வந்து சேரும்போது பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

துரையின் மனைவிக்கு மூக்கு சிவந்து, தோல் உரிந்து, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். லயத்துப் பெண் ஒருத்திக்கு அப்படி இருந்திருந்தால் வீட்டில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள். துரைசானி என்பதால் அவர் காரில் கடந்து போனதும் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் பொம்மை மாதிரி இருக்கிறார் என்று பெருமூச்சு விட்டார்கள். கிராணியின் மகளுக்கு மேல்பல் கொஞ்சம் எடுப்பு. அதைச் சிரித்த முகம் என்றார்கள். எங்கள் லயத்திலும் அதே பல்லோடு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குத் தேங்காய்த் துருவி என்று பெயர். கங்காணியின் இளைய மகளுக்கு ஒன்றரைக் கண். அது அதிர்ஷ்டப் பார்வை என்று சொன்னார்கள். லயத்தில் ஒன்றரைக் கண் ஒன்றரைக் கண்ணாகவே இருந்தது.

இதையெல்லாம் இப்போது கேலியாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. மலையில் குளிரும் என்பது போல இதுவும் ஓர் உண்மை என்றே நம்பினேன். அந்த உண்மையில் எங்கள் வீட்டுக்கு வந்த பங்கு, என் அத்தை அழகில்லை என்பது.

அத்தை அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். நல்ல கறுப்பு. அகன்ற தோள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே முடி கொஞ்சம் தேய்ந்திருக்கும். கொழுந்து கிள்ளும் விரல்களில் தேயிலைக் கறை ஏறிப்போய், அது எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது. சரிவில் அவள் ஏறும் வேகத்துக்கு ஆண்களே மூச்சு வாங்குவார்கள். கங்காணி அவளைப் புகழும்போதெல்லாம் 'நல்ல உழைப்பாளி' என்றுதான் சொல்வார். பெண் பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தகவல் அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். தகவல் வந்ததே இல்லை. ஒருமுறை கீழே தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, மேலே கிராணி வீட்டு மாடத்தில் நின்ற பெண்ணைக் காட்டி அது யார் வீட்டுப் பெண் என்று கேட்டாள். அத்தைதான் பதில் சொன்னாள்.

குளிக்க வார்த்துத் தலை சீவியதும் என் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைப்பது அத்தையின் வேலை. கண்ணுபடாமல் இருக்க அழகான பிள்ளைகளுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் வைப்பது அது. ஒருநாள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உனக்கு யார் வைத்தார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு எவன் கண்ணு படப்போவுது?" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரையும் துரைசானியும் ஒரு காலைப்பொழுதில் காரில் ஏறிப் போனவர்கள்தான், நாய்க்குட்டிகூடப் பங்களாவிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் அந்தப் பங்களாவுக்கு ஜப்பான் துரை ஒருவர் வந்தார். கட்டையாக, கால் சற்று வளைந்து இருப்பார். வந்த புதிதில் லயத்தில் அவருடைய மூக்கையும் நடையையும் நடித்துக் காட்டாத பிள்ளை இல்லை. ஆனால் அரிசியும் உப்பும் அவர் சொன்னால்தான் வரும் என்றான பிறகு, மெல்ல மெல்ல அந்த முகத்தில் எல்லாருக்கும் ஒரு களை தெரிய ஆரம்பித்தது. கிராணி அவரைப் பார்த்துத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டார். கிராணியைப் பார்த்து இளவட்டங்கள் வெட்டிக்கொண்டார்கள். சுருட்டை முடிக்கு எண்ணெய் வைத்து அலைஅலையாக வாரிக்கொண்டிருந்தவர்களெல்லாம் மொட்டைத் தலைதான் ஆம்பளைக்கு அழகு என்றார்கள். வாரிக்கொள்ள எண்ணெயும் இல்லை என்பது வேறு விஷயம்.

அரிசி குறைந்து, பிறகு அரிசி என்பதே பேச்சில் மட்டும் இருந்தது. கீழ்ச்சரிவில் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். துணி கிழிந்தால் மாற்றுத் துணி கிடையாது. நாங்கள் பிள்ளைகள் கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தோம். தோட்டத்து ஆண்கள் சிலரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள். அப்பா தப்பித்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஜப்பான் துரை நிறுத்திக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை. பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆண்கள் தூரத்து மலைக்குக் கவாத்துக்குப் போய்விட்டார்கள். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, இறங்காமலே கத்திச் சொல்லிவிட்டுப் போனார். தானா ராத்தா பக்கம் பட்டாளம் வந்திருக்கிறது, தோட்டம் தோட்டமாக ஏறி வருகிறார்கள், வயசுப் பெண்களை லாரியில் ஏற்றுகிறார்களாம். இந்தச் செய்தி முன்பும் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பொய்யாகிப் போனாலும் யாருக்கும் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

பெண்களை ஒளித்து வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. பறித்த கொழுந்தை வாடவைக்க அங்கே கித்தான் கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் பின்னே ஒண்டிக்கொண்டு ஏணியை எடுத்துவிட்டால் கீழேயிருந்து பார்க்கிறவனுக்குக் கொழுந்து மட்டும்தான் தெரியும். ஆனால் பழைய பலகைத் தளம். நிறையப் பேர் ஏறினால் முனகும். எல்லாரும் ஏற முடியாது.

யார் ஏறுவது என்று முடிவு செய்தது கங்காணியின் மனைவி. பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடி நின்றார்கள். அவர் கையில் ஒரு சட்டி நிறைய அடுப்புக்கரி குழைத்து வைத்திருந்தார். கூப்பிடுகிறவள் வந்து முகத்தில் கரி பூசிக்கொண்டு ஏற வேண்டும். ஒருவேளை மாட்டிக்கொண்டாலும் முகம் அசிங்கமாக இருந்தால் விட்டுவிடுவான் என்று கணக்கு.

முதலில் கிராணியின் மகள். அவளுக்குக் கரியை அப்பு அப்பு என்று அப்பினார்கள். அவளுடைய வெள்ளைத் தோல் எங்கேயாவது எட்டிப்பார்க்கிறதா என்று காதின் பின்புறம்வரை தேடிப் பூசினார்கள். அடுத்து கங்காணியின் மூத்த மகள். அடுத்து அதிர்ஷ்டப் பார்வைக்காரி. அப்புறம் கங்காணியம்மாவின் நாத்தனார், அவருக்கு அப்போதே பேரன் பிறந்திருந்தான். அதற்குப் பிறகுதான் லயத்துப் பக்கம் பார்வை வந்தது. நிறம் சற்று எடுப்பாக இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் சண்டை வந்தது. கூப்பிடாத ஒருத்தியின் தாய் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எம் பொண்ணுக்கு என்ன கொறச்சல்? மூக்கு இல்லையா, முழி இல்லையா?"

உயிரும் மானமும் போகிற நேரத்தில் ஒரு தாய்க்கு அதுதான் ரோஷமாக வந்தது. கங்காணியம்மா சமாதானமாக அந்தப் பெண்ணின் கன்னத்திலும் ஒரு தீற்று தீற்றி அனுப்பினார். கரி பூசப்பட்டவர்கள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் கூப்பிடப்படாதவர்கள் முகத்தில் இருந்தது வேறு. தேர்வாகாத பிள்ளைகள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா மாநிறம், சின்ன உருவம். சட்டியருகே போனவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"எங்க நாத்தனாருக்கு?" என்று கேட்டாள்.

"அவள யாரு தொடப்போறா?" என்றார் கங்காணியம்மா. அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. சட்டியில் கரி தீர்கிறதே என்ற கவலையில் சொன்னார். "கீழயும் நாலு பேரு கொழுந்து எடுக்கிற மாதிரி தெரியணும்லா. இல்லேன்னா எல்லாத்தையும் ஒளிச்சிட்டோம்னு அவனுக்குச் சந்தேகம் வந்துரும். அவ கூடையைத் தூக்கட்டும்."

அத்தை கூடையைத் தூக்கினாள். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் யாரோ அவள் முகத்தில் கரியைப் பூசி ஏணிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளும் கீழேதான் இருக்க வேண்டும், மேலே இருமினால் காரியம் கெட்டுவிடும். நான் அத்தையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இருந்தாலும் எனக்கு ஒரு தைரியமும் இருந்தது. அத்தையை ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவள்தான் அழகில்லையே.

தொழிற்சாலையின் பின்புறச் சரிவில் அத்தைக்கு இடம். கூடவே மற்ற பெண்கள் அங்கங்கே நின்றார்கள். வயதானவர்கள், தேங்காய்த் துருவி, அம்மைத் தழும்பு முகத்தோடு ஒருத்தி. அத்தையின் விரல்கள் எப்போதும் போல ஓடவில்லை. கிள்ளிய கொழுந்து கூடைக்குள் விழாமல் செடியிலேயே விழுந்தது.

அந்தச் சரிவுக்கு எதிரேதான் அடுப்பறை. தேயிலையை உலர்த்தும் எந்திரத்துக்கு விறகு போட்டு எரிக்கும் இடம். அங்கே வேலை செய்தவரைப் பிள்ளைகள் அடுப்படி மாமா என்போம். ரப்பர் தோட்டத்திலிருந்து தனியாளாக வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. அனலில் புருவம் கருகிக் கருகி, முளைக்கவே மறந்துபோயிருந்தது. பேச்சு குறைவு. பெண்கள் அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, திட்டியதும் இல்லை. தோட்டத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே விறகுப் புகை வரும்போதுதான் ஞாபகம் வரும்.

அவர் வெளியே வந்து கையை நெற்றிக்கு மேல் வைத்துச் சாலையைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"ஏம்மா, நீ மேல போவலியா?"

"என்னைக் கூப்பிடல," என்றாள் அத்தை, செடியைப் பார்த்துக்கொண்டே.

அவர் மேல்மாடியின் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார். ஏதோ கணக்குத் தப்பிவிட்டது போல முகம் மாறியது. விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிரட்டை. அதில் அடுப்பிலிருந்து சுரண்டிய கரி, தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தது. அதை அத்தையிடம் நீட்டினார்.

"பூசிக்க."

அத்தையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கங்காணியம்மா சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கறுப்பாக இருக்கிறவளிடம் கரியைக் கொண்டுவந்து நீட்டினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

"எங்க அத்தை ஏற்கெனவே கறுப்புதான். கரி ஒண்ணும் வேணாம்," என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தூரத்தில், வளைவுக்கு அப்பால், லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அவருக்குப் பதற்றத்தில் வார்த்தை வேகமாக வந்தது. அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

"வர்றவனுக்குக் கிராணி வீடு எது, லயம் எதுன்னு தெரியாதும்மா. அவன் முகத்தைத்தான் பார்ப்பான். சீக்கிரம் பூசிக்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள வா."

அத்தை நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். கூடையை இறக்கினாள். சிரட்டையை வாங்கி, இரண்டு கையாலும் அள்ளி நெற்றியிலிருந்து கழுத்துவரை பூசிக்கொண்டாள். மற்ற பெண்களையும் வரச்சொல்லி அவர் கையாட்டினார். தேங்காய்த் துருவி ஓடிவந்தாள். தழும்பு முகத்துக்காரி நின்றது கொஞ்சம் தள்ளி. தன்னையா என்பது போல மார்பில் கைவைத்துக் காட்டிச் சிரித்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டாள்.

அடுப்பறைக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகை. கட்டைகளை விலக்கி எங்களை உள்ளே விட்டு, மறுபடி அடுக்கினார். இருட்டு, கரப்பான்பூச்சி, ஈர விறகின் புளித்த வாசனை. லாரி வந்து நின்றது. பூட்ஸ் சத்தம், புரியாத மொழியில் அதட்டல், கோழிகள் அலறியது எல்லாம் கேட்டது. ஒரு சிப்பாய் அடுப்பறை வாசலுக்கே வந்தான். அடுப்படி மாமா பச்சை விறகைக் கை நிறைய அள்ளி அடுப்புக்குள் போட்டுக் கதவைத் திறந்தே வைத்தார். புகை குப்பென்று அறையை நிறைத்தது. எங்களுக்கும் வந்தது. அத்தை முந்தானையைச் சுருட்டி என் வாய்க்குள் திணித்தாள். சிப்பாய் இருமி, காறித் துப்பி, திட்டிக்கொண்டே போனான். அத்தையின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது இன்றும் எனக்குத் தெரிகிறது.

சரிவில் நின்ற தழும்பு முகத்துக்காரியை ஒரு சிப்பாய் கையைப் பிடித்து லாரிவரை இழுத்துப் போனானாம். அவள் போட்ட கூச்சல் கேட்டு ஜப்பான் துரை பங்களாவிலிருந்து ஓடிவந்தார். கிராணி தனக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தைகளையெல்லாம் அழுகையோடு கொட்டினார். நீண்ட நேரம் சத்தம் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் கோழிகளையும் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் போனார்கள். மேல்மாடியை ஒருவரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் சாலையோரத்தில் உட்கார்ந்து, கிழிந்த ரவிக்கையைக் கையால் பொத்திக்கொண்டு நடுங்கினாள். கிராணியின் மகள் கரி முகத்தோடு ஓடிவந்து தன் மேல்துணியை அவள்மேல் போர்த்தினாள். அவளை அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போனது அன்றுதான். மற்றவர்களும் அழுதார்கள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி இன்னொருத்தியிடம் மெல்ல, "இவளைப் போயா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் குரலில் இரக்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

ஆபத்து நீங்கியதும் மனிதர்களுக்குச் சிரிப்பு வர ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அன்று அவர்களுக்குக் கிடைத்தது அத்தை. விறகுக் கொட்டகையிலிருந்து முகமெல்லாம் கரியோடு அவள் வெளியே வந்ததும் கங்காணியம்மாவின் நாத்தனார் வாயைப் பொத்தினார்.

"இவளுக்கு யாருடி பூசிவிட்டது?"

"அடுப்படி மாமாதான் குடுத்தாரு," என்றேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவ்வளவுதான். சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, கண்ணீரும் கரியுமாக எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊமை மாதிரி இருப்பவன் எப்படிக் குறும்பு பண்ணிவிட்டான் பார் என்றார்கள். கரிக்கே கரி பூசினான் என்று யாரோ சொன்னது மாலைக்குள் எல்லா லயங்களுக்கும் போய்விட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் முகத்தையும் அடுப்பறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மலையிலிருந்து இறங்கிவந்த அப்பாவுக்கு இந்தக் கேலி வீட்டுக்கு வருமுன்பே கிடைத்துவிட்டது. கவாத்துக் கத்தியைக் கீழே வைக்காமலே திரும்பினார். என் தங்கச்சி என்ன தெருவில் கிடக்கிறாளா, அவன் புருவமில்லாத மூஞ்சியை என்ன செய்கிறேன் பார் என்று குமுறினார். அத்தை ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள். அண்ணனுக்கு எதிரே அவள் அப்படி நின்றதே இல்லை.

"அண்ணே, வேணாம். அவரு கேலி பண்ணல."

"பின்ன என்ன பண்ணான்?"

அத்தை வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வெட்கப்பட்டு நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா வந்து அப்பாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி உத்தரத்தில் செருகினாள்.

எல்லா வீட்டிலும் பெண்கள் முகம் கழுவியாகிவிட்டது. அத்தை மட்டும் அடுப்புமுன் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, கோணித் துணியை நனைத்து அவள் கன்னத்தைத் துடைக்கப் போனேன். அந்த ஆள் கொடுத்த கரி இன்னும் எதற்கு? அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடு," என்றாள். படுக்கப் போகும்வரை அப்படியேதான் இருந்தாள். இடையிடையே தானாகச் சிரித்துக்கொண்டாள். புகை மூளைக்கு ஏறிவிட்டது என்று நான் பயந்தேன்.

சில வாரங்கள் கழித்து அடுப்படி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் கேட்க அவர் பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை. தானே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், எங்கிருந்து பிடித்தாரோ, ஒரு பொட்டலம் சர்க்கரையும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். அன்று எங்களை நான்கு சுவரும் ஒரு கூரையும் காப்பாற்றின, உங்கள் தங்கையைக் காப்பாற்ற அந்த மனுஷனுக்கு மட்டும்தான் தோன்றியது, அதை யோசித்துப் பாருங்கள் என்றாள். அப்பா வெகுநேரம் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றை உரித்து என்னிடம் கொடுத்தார். சம்மதம் அப்படித்தான் வந்தது.

லயத்தில் எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். புருவமில்லாதவனுக்கு இவள் போதும் என்றார்கள். இருவருக்கும் வேறு ஆள் கிடைக்காததால் நடக்கிற கல்யாணம் என்று தீர்மானித்தார்கள். நானும் அப்படியே நினைத்து அத்தைக்காக வருத்தப்பட்டேன்.

கல்யாணம் மாரியம்மன் கோவிலில். பெண்ணுக்கு உடுத்த முழுச் சேலை எங்கள் லயத்தில் யாரிடமும் இல்லை. கிராணியின் மகள் தன்னுடைய அரக்கு நிறச் சேலையைக் கொண்டுவந்து, தானே அத்தைக்குக் கட்டிவிட்டாள். அந்தப் பட்டாளம் வந்துபோன நாளிலிருந்து என்னை வாசல்படி தாண்ட விடவில்லை, உங்கள் கல்யாணம் என்று அழுது கேட்டுத்தான் வந்தேன் என்றாள். அவள் மிகவும் இளைத்து வெளுத்துப் போயிருந்தாள். பக்கத்தில் பக்கத்தில் அவர்கள் நின்றபோது எனக்கு அத்தையைப் பார்க்கத்தான் பிடித்தது. சொந்த அத்தை என்பதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும் நேரத்தில் கிராணியின் மகள் மைக்கிண்ணம் எங்கே, திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டாமா என்று தேடினாள்.

"அவளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நேரமாச்சு," என்றார் கங்காணியம்மாவின் நாத்தனார். மற்றவர்கள் சிரித்தபடி அத்தையை எழுப்பி நடத்திப் போனார்கள். அவள் கன்னம் வெறுமனேதான் இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும்.

மேளம் இல்லை. ஒருவர் தகர டப்பாவைத் தட்டினார். அடுப்படி மாமா மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து அத்தையின் கழுத்தில் கட்டினார், தாலிக்குத் தங்கம் ஏது. பிறகு குனிந்து அத்தையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார் என்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர்கள் எழுந்து திரும்பி நின்றபோது, அத்தையின் இடது கன்னத்தில், காதோரம், ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. மைப்பொட்டு போல வழவழப்பாக இல்லை. சொரசொரப்பாக, சற்றுக் கோணலாக இருந்தது.

"யாருடி வச்சது?" என்று கிராணியின் மகள் கேட்டாள். நான் இல்லை, நான் இல்லை என்று எல்லாரும் கைவிரித்தார்கள். அம்மா கேட்காதது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் அந்தக் கன்னத்தை மட்டும் அவள் துடைக்கவில்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். அன்று மனுஷர் ஆற்றில் மணிக்கணக்காகத் தேய்த்துக் குளித்திருக்க வேண்டும். முகம், கழுத்து, நகக்கண்கள்கூடப் பளிச்சென்று இருந்தன. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கறுப்பாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட ஒரு விரலைக் கழுவ மறந்துவிட்ட இந்த மனிதரோடு என் அத்தை எப்படிக் காலம் தள்ளப்போகிறாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.